நம்பரா, எழுத்தா?

எங்கள் பக்கத்தில் பூஜ்ஜியத்தை யாரும் பூஜ்ஜியம் என்று சொல்வதில்லை. ஜீரோ என்றும் சொல்வதில்லை; அந்தப் பெயரைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். ராயபுரத்தில் யாரிடமாவது போன் நம்பர் கேட்டுப் பாருங்கள். டூ ஃபைவ் நைன் ஓ என்றுதான் ஆரம்பிப்பார். வட்டமாக இருக்கிறது, வாய்க்கு ஓ என்று வருகிறது, சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதனால் பெரிய குழப்பம் ஒன்றும் வந்ததில்லை. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவை வந்தது. அதற்காக என்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

என்ன பிரிவில் போடுவது என்று அவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை. என் வக்கீல் நல்ல மனிதர். வாயைத் திறக்காதே தம்பி என்கிறார். நான் ஏன் திறக்கக்கூடாது? செய்ததைச் சொல்ல வெட்கப்படுகிறவன் பேசாமல் இருக்கட்டும். ஊரில் பாதிப் பேர் என் சிநேகிதன் அறிவு சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு என்னைக் கழுவி ஊற்றுகிறார்கள். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஃப்ரெடி. கல்மண்டபம் பக்கம் வீடு. அப்பா ஜார்ஜ், துறைமுக வாசலில் முப்பது வருடம் சோதனை போட்டவர். வேலை முடிந்து வெளியே போகிற ஒவ்வொருவருடைய சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்ப்பார். சொந்தத் தம்பியின் டப்பாவையும் நாலு பேர் எதிரில் திறந்து பார்த்தார். சித்தப்பா அதற்கப்புறம் எட்டு வருடம் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. டப்பாவில் புளிசோறுதான் இருந்தது என்று அப்பா சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. அவரைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அறிவுக்கு வியாசர்பாடி. அவன் அப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து இறந்தவர். வீட்டில் அம்மா கெங்கம்மா, தங்கை மகிழினி. நானும் அறிவும் தொண்ணூற்றைந்தில் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அதிலிருந்து போன வருடம் வரைக்கும், பதினோரு வருடம், ஒரு தட்டில் தின்ற சிநேகிதம். அவன் எப்படி யோசிப்பான், எப்போது கோபப்படுவான், கோபத்தில் என்ன செய்வான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்தோம். பெயர் ‘டிரெய்லர்’. எண்ணூரிலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு, திருவொற்றியூர் தாண்டி, பள்ளம், மாடு, லாரி வரிசை எல்லாவற்றுக்கும் தப்பித்து, கேட் மூடுவதற்குள் ஜீரோ கேட்டுக்கு வந்துசேர வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அறிவு பிரமாதமாகச் செய்திருந்தான். சாலையில் எங்கே தண்ணீர் தேங்கும் என்பதுகூடச் சரியாக இருக்கும். படம், வண்டி, சத்தம் எல்லாம் அவன். கணக்கும் ஒழுங்கும் நான். பாதி அவனுடையது, பாதி என்னுடையது என்று பேசியிருந்தோம்.

இரண்டாயிரத்து இரண்டில் சிடி போட்டு விற்றோம். இரண்டே வாரம். பர்மா பஜார் பிளாட்பாரத்தில் எங்கள் கேம் முப்பது ரூபாய்க்குக் கிடந்தது. அட்டையில் எங்கள் பெயர்கூட இல்லை. தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஒரே சிடியைப் பதினெட்டு மெஷினில் ஏற்றி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு ஆள் எனக்கே போன் செய்து, மூன்றாவது லெவலில் வண்டி மாட்டிக்கொள்கிறது, சரிசெய்து கொடுங்கள் என்றான். சிடி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். பர்மா பஜார் என்று கூச்சமே இல்லாமல் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. மூன்று வருட உழைப்பு, சார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் பூட்டு செய்தேன்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. கேமை ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றினால், அந்த மெஷினின் பாகங்களைப் பார்த்துப் பூட்டு ஒரு எண் காட்டும். வாங்கியவர் எனக்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். நான் அதற்குரிய கீயைப் படித்துச் சொல்வேன். எழுத்தும் நம்பரும் கலந்து பன்னிரண்டு இடம். அதை அடித்தால் கேம் திறக்கும். இன்னொரு மெஷினில் அந்தக் கீ செல்லாது. மூன்று முறை தப்பாக அடித்தால் அந்த ஆள் திருடன் என்று பூட்டு முடிவு செய்துவிடும். கீ தயாரிக்கிறவன் யாராக இருந்தாலும் ஓ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்க்கமாட்டான், பூஜ்ஜியத்தோடு குழம்பும் என்று. நானும் சேர்க்கவில்லை. என் கீயில் ஓ என்று வந்தால் அது எப்போதும் நம்பர்தான். அறிவுக்கு இது தெரியாது. பூட்டு என் வேலை, அவன் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

திருடன் என்று தெரிந்ததும் கேம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்று அறிவிடம் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. கேமோடு சேர்த்து மெஷினில் இருக்கிற எல்லா ஹார்ட் டிஸ்கையும் அழிக்கும் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சும்மா அழித்தால் விஷயம் தெரிந்தவர்கள் மீட்டுவிடுவார்கள். அதனால் என் பூட்டு மேலே பூஜ்ஜியமாக எழுதிக்கொண்டே போகும். ஓ, ஓ, ஓ என்று கடைசிவரைக்கும். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை திரையில் ‘திறந்துகொண்டிருக்கிறது, காத்திருக்கவும்’ என்று தமிழில் நிற்கும். கேம் ஒழுங்காகத் திறக்கும்போதும் அதே வரிதான் வரும், பத்து வினாடிக்கு.

ஆரம்பத்திலிருந்தே அறிவுக்குப் பூட்டு பிடிக்கவில்லை. அவன் கட்சியையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் பயமில்லை. பெரம்பூரில் ஒருவர் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய் மூன்று முறை மாற்றினார். மாற்றிய ஒவ்வொரு முறையும் பூட்டு புது மெஷின் என்று நினைத்துக்கொண்டது, அவர் ஒவ்வொரு முறையும் என்னைக் கெஞ்ச வேண்டியிருந்தது. நான் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடைப்பயணம் போன பத்து நாளும் யாருக்கும் கீ கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது அறிவு கொதித்துக்கொண்டிருந்தான்.

“காசு குட்த்து வாங்கனவன் வாசல்ல நின்னுகினுகீறான் மாமு. திருட்டு சிடி வாங்கனவன் உள்ள ஜாலியா வெளாடிகினுகீறான். நம்ம பூட்டு யாரப் பூட்டுது?”

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய பூட்டில்லாத சிடியைத்தான் பஜாரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் நேர்மையானவனுக்குச் சோதனை போட்டால் என்ன கேடு? புளிசோற்று டப்பாவைத் திறந்து காட்ட எத்தனை நேரம் ஆகும்? இதை நான் கேட்டதும் அவன், நீ உன் மெஷினில் போட்டிருக்கிற விண்டோஸ் எந்தக் கடையில் வாங்கியது என்று திருப்பிக் கேட்டான். ரிச்சி தெருவில் ஒரு தோஸ்து கொடுத்தது. அது வேறு விஷயம்.

டிரெய்லரின் இரண்டாவது பாகத்தில்தான் மகிழினி வந்தாள். வண்டியில் ஒரு கிளீனர் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து டிரைவரைத் திட்டிக்கொண்டே வர வேண்டும் என்று அறிவு யோசித்தான். நாலைந்து பேரைப் பேச வைத்துப் பார்த்தோம், எல்லாம் சப்பென்று இருந்தது. ஒருநாள் மகிழினி எங்களுக்கு டீ கொண்டுவந்தவள், நான் வண்டியை இடிப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இன்னாண்ணா, கண்ணு பொடனில கீதா? லெப்ட்ல ஒடிண்ணா, கேட்டு மூட்றாம் பாரு.”

அறிவு அங்கேயே மைக்கை எடுத்துவிட்டான். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்ததும் ஜன்னலைச் சாத்தி, தலையோடு போர்வை போர்த்திக்கொண்டு பேசுவாள். மொத்தம் ஏழு மணி நேரம் பதிவு இருந்தது. திட்டு, சிரிப்பு, தும்மல், பாட்டு, நடுவில் அம்மாவோடு சண்டை. அதில் இருநூறு வரியைப் பொறுக்கி நாங்கள் கேமில் வைத்தோம். வண்டியை மோசமாக ஓட்டினால்தான் கிளீனர் பேசுவாள். ஒழுங்காக ஓட்டினால் அவளுக்கு வேலையில்லை, சும்மா வருவாள்.

நான் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருந்தேன். கேட்டும்விட்டேன். மதம் அது இது என்று அவள் பேசவில்லை. “நீ நல்லவன்தாண்ணா. ஆனா உன் கைல குட்த்தது எதுவும் திரும்பி வராது” என்றாள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மறுநாளும் ரெக்கார்டிங்குக்குப் போனேன். அண்ணா என்று கூப்பிட்டாள், என்ன மகி என்றேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் அந்தப் பேய் மழை. வியாசர்பாடியில் வீட்டுக்குள் இடுப்புத் தண்ணீர். அவள் நாலு நாள் அந்தத் தண்ணீரில் நடந்து வேலைக்குப் போனாள். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சேர்த்த ஐந்தாம் நாள் மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம். சேற்றில் கால் வழுக்கி அறிவு விழப்போனான், நான்தான் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஒரு மாதம் கெங்கம்மா தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாராம். அறிவு வண்டியை ஓட்டி வேண்டுமென்றே இடிப்பான், மகள் திட்டுவாள், அம்மா கேட்பார். பொங்கல் கழிந்து அறிவு என் வீட்டுக்கு வந்தான். கேமை விற்க வேண்டாம், பூட்டை எடுத்துவிட்டுச் சும்மா கொடுத்துவிடலாம் என்றான். இன்டர்நெட்டில் போடலாம், பர்மா பஜார்காரனிடமே கொண்டுபோய்க் கொடுக்கலாம், எவன் வேண்டுமானாலும் காப்பி போட்டுக்கொள்ளட்டும் என்றான்.

“எத்தினி பேர் காப்பி அடிக்கிறானோ அத்தினி வூட்ல என் தங்கச்சி பேசும் மாமு. ஒரு வூட்ல நெருப்பு புட்ச்சாலும் இன்னொரு வூட்ல கீது.”

எனக்கு அது சரியாகப் படவில்லை. செத்துப்போன ஒரு பெண்ணின் குரலை, போகிறவன் வருகிறவன் எல்லாம் முப்பது ரூபாய்க்கு வாங்கி, பீடி பிடித்துக்கொண்டே கேட்பதா? பிரவுசிங் சென்டரில் பதினெட்டு மெஷினில் ஒரே நேரத்தில் அவள் கத்துவதா? வேண்டாம் என்றேன். உன்னைக் கேட்கவில்லை, சொல்ல வந்தேன் என்றான். பாதி என்னுடையது என்பதை மறந்துவிட்டான்.

இன்னும் விற்பனைக்கு வராத அந்தக் கேம் அப்போது இருந்தது இரண்டே இடத்தில். என் மெஷினில் பூட்டுக்குள். அவன் மெஷினில் பூட்டுக்குள். அவள் பேசிய ஏழு மணி நேரமும் அவனிடம் மட்டும், பூட்டுக்கு வெளியே. சிடி எழுதும் டிரைவ் என்னிடம்தான் இருந்தது. அதனால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு புது ஹார்ட் டிஸ்க் வாங்கினான், எல்லாவற்றையும் அதில் ஒரு காப்பி போட்டு வைக்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை மாட்டினான். காப்பியை ஆரம்பிப்பதற்குள் கெங்கம்மா, புள்ளைய கொஞ்சம் பேச வுடுடா என்றிருக்கிறார். கேமைத் திறந்தான். புது டிஸ்கைப் பார்த்ததும் பூட்டு இது வேறு மெஷின் என்று நினைத்துக் கீ கேட்டது. எனக்குப் போன் செய்தான்.

மழையில் ஊறிய கேபிள், லைனில் ஒரே இரைச்சல். அவன் மெஷின் எண்ணைச் சொன்னான், நான் கீயைப் படித்தேன். முதல் தடவை எம் என்றதை என் என்று அடித்துவிட்டான். இரண்டாவது தடவை பி என்றதை டி என்று. அதற்கு நான் பொறுப்பில்லை. மூன்றாவது தடவை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அடித்தான். எம் ஃபார் மெட்ராஸ், பி ஃபார் பெரம்பூர். அதுவும் செல்லவில்லை. இரண்டு டிஸ்க்கும் போயின. கேம், ஏழு மணி நேரம், தும்மல், சண்டை, எல்லாம். நான் அவன் வீட்டில்கூட இல்லை, நாலு கிலோமீட்டர் தள்ளி என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் மகிழினி என்னிடம் மட்டும்தான் இருந்தாள்.

என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நான் கெங்கம்மாவை வரவேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பத்தரையிலிருந்து பத்து நிமிடம், என் மெஷினில் கேட்கலாம் என்றேன். ஒரு பைசா வாங்கவில்லை. அறிவு கூட வரக்கூடாது, வாசலில் பையைக் காட்ட வேண்டும், டேப் ரெக்கார்டர் எதுவும் கொண்டுவரக்கூடாது. இந்த மூன்றுதான். அவர் வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பையில் வெற்றிலையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கும். திறந்து பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவேன்.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, நான் ஓட்டுவேன். ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிடுவேன். சில நாள் எனக்கு மனசு சரியிருக்காது. அன்றைக்கு ஒரு இடத்திலும் இடிக்காமல் ஜீரோ கேட்டுவரைக்கும் கொண்டுபோய்விடுவேன். பத்து நிமிடமும் எஞ்சின் சத்தம்தான் கேட்கும். ஒருநாள் அவர் என் கையைத் தொட்டு, “கொஞ்சம் இட்ச்சு ஓட்டு நைனா” என்றார். இடித்தேன். இன்னாண்ணா கண்ணு பொடனில கீதா என்று மகிழினி கேட்டாள். கெங்கம்மா வாயைப் புடவையால் மூடிக்கொண்டார். நேரம் முடிந்ததும் நிறுத்தினேன். எங்கள் அம்மா வியாகுலம்மாள் அடுப்படியிலிருந்து, “எதுக்குடா மணி பாக்கற, இன்னும் கொஞ்சம் கேக்கட்டுமே” என்றார். விதி என்றால் எல்லாருக்கும் விதிதான்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, வெற்றிலைப் பையின் அடியில் துணியில் சுற்றி ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் இருந்தது. அறிவு கொடுத்தனுப்பியிருக்கிறான். நான் சத்தம் போடவில்லை. பையை மூடிக் கையில் கொடுத்து, இனிமேல் ஆறு வாரத்துக்கு வரவேண்டாம் என்றேன். அவர் என் காலில் விழுந்தார். எழுந்திருங்கம்மா, பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்றேன். அவர் அன்றைக்கு பஸ்ஸில் போகவில்லை, அழுதுகொண்டே வியாசர்பாடிவரைக்கும் நடந்தே போனார் என்று பின்னால் அறிவு போலீஸில் சொன்னான். நடக்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் அவன் புகார் கொடுத்தான். போலீஸ் வந்து என் மெஷினை எடுத்துப் போனது. அங்கே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு காவலர் இருந்தார். அவர் என் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஸ்டேஷன் மெஷினில் மாட்டினார். பூட்டு கீ கேட்டது. வாய்க்கு வந்ததை இரண்டு முறை அடித்துப் பார்த்திருக்கிறார். இன்னும் ஒரு முறைதான் என்று திரையில் வந்ததும் பயந்துபோய் நிறுத்திவிட்டார். பூட்டைத் தொடாமலே அந்த டிஸ்கை அப்படியே நகல் எடுக்க வழியிருக்கிறது. பெரிய ஆபீஸுக்கு அனுப்பியிருந்தால் செய்திருப்பார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர், காவலர், அறிவு. ஹெட்போனைக் காதில் மாட்டியபடி கெங்கம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இப்போது பேசும் என்று யாரோ சொல்லி உட்காரவைத்திருக்கிறார்கள். திரையில் இருந்த எண்ணைப் பார்த்து நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். கீயை எழுதித் தரட்டுமா என்று கேட்டிருக்கலாம். பழக்கம், வாயால்தான் சொன்னேன். காவலர் அடித்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது இடத்தில் ஓ என்றேன்.

காவலர் கையை நிறுத்தினார். “நம்பரா, எழுத்தா?”

அறிவின் முகத்தில் ஈயாடவில்லை. இந்த இடத்தில் நான் முன்னால் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது தடவை அடிக்கும்போது, அறிவும் இதையேதான் கேட்டான். முதல் இரண்டு தடவையும் அவன் பூஜ்ஜியம்தான் அடித்திருந்தான், நம் ஊர் வழக்கப்படி. அது சரி. ஆனால் எல்லாம் தப்பாகப் போகிறதே என்ற பயத்தில், “மாமு, இந்த ஓ நம்பரா எழுத்தா?” என்று கேட்டான். நான் கொஞ்சம் யோசித்தேன். பின்னால் கெங்கம்மா ஏதோ சொல்வது கேட்டது. எழுத்து என்றேன். அடித்தான். என்னமோ திறந்துகொண்டிருக்கிறது என்று வருகிறது, ரொம்ப நேரமாகிறதே, ஆஃப் செய்யட்டுமா என்றான். “வேணாம் மாமு, டிஸ்க் கெட்டுடும். வெயிட் பண்ணு” என்றேன். அரைமணி நேரம் லைனிலேயே இருந்தேன். அவன் அம்மா சாப்பிட்டாரா என்று விசாரித்தேன்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். என் பாதியை நான் காப்பாற்றினேன்.

இப்போது ஸ்டேஷனில் அதே கேள்வி. நான் நிமிர்ந்து காவலரைப் பார்த்து, “நம்பர்” என்றேன்.

அது உண்மை. சத்தியமாக உண்மை. கர்த்தர் சாட்சி.

அறிவு கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். “சார், அன்னிக்கு எழுத்துன்னு சொல்லித்தான் கவுத்தான். இன்னிக்கு நம்பர்ன்றான். இவன் எதச் சொல்றானோ அதுக்கு ஆப்போசிட்டா போடுங்க சார். எழுத்து போடுங்க.”

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, கடைசியாகக் கேட்கிறேன் என்றார். நான் மறுபடியும் நம்பர் என்றேன். இரண்டாவது முறை சொல்லும்போது லேசாகச் சிரித்தேன். சிரிப்பதைக் குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. அதைப் பார்த்ததும் அறிவுக்குச் சந்தேகமே போய்விட்டது. அவன் அப்படித்தான் செய்வான் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடம் ஒரு தட்டில் தின்றிருக்கிறோம்.

அறிவே குனிந்து, காவலரின் கைக்கு மேலாக அந்த எழுத்தை அடித்தான். மீதி மூன்றையும் நான் சொல்லச் சொல்லக் காவலர் அடித்தார். திறந்துகொண்டிருக்கிறது, காத்திருக்கவும் என்று வந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். பத்து வினாடியில் ஹார்ன் சத்தம் வரவேண்டும். வரவில்லை. முப்பது வினாடி ஆனதும் அறிவு பாய்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினான். பூட்டு எந்த இடத்திலிருந்து ஓ போட ஆரம்பிக்கும் என்பதையும் நான்தான் எழுதியிருந்தேன். முதலில் குரல், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அறிவு அந்த ஒயரைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். கெங்கம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“இன்னா நைனா, இன்னும் பேசக் காணமே. கொஞ்சம் இட்ச்சு ஓட்டேன்.”

இழந்தது அவர் மட்டும் இல்லை, என்னிடம் இருந்ததும் அது ஒன்றுதான். அதை அழித்தது யார் என்று அந்த ஸ்டேஷனில் இருந்த நாலு பேரும் கண்ணால் பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை. நம்பர் என்று இரண்டு முறை சொன்னேன். என்னை நம்பியிருந்தால் மகிழினி இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பாள்.